மூன்று மணிக்கு வற்றும் கடல்

1962 ஆகஸ்ட் 19, ஞாயிற்றுக்கிழமை. அயர்லாந்தின் மேற்குக் கரையில், இனிஷ்வாரா தீவுக்கும் கரைக்கும் நடுவில் உள்ள மணல்வெளியில் கடல் பிற்பகல் மூன்று மணிக்கு முழுதாக வற்றியது.

அன்று காலை தேவாலயத்தில் முதல் பூசை முடிந்ததும் லோக்ரே ஊர்ச் சதுக்கத்திலிருந்து ஒரு வாடகைப் பேருந்து புறப்பட்டது. ஊர் வரலாற்றுச் சங்கத்தார் கோடைதோறும் போகும் பயணம் அது. எப்போதும் ஒரே மாதிரிதான். இடிந்த கோட்டை ஒன்று, கூரை போன தேவாலயம் ஒன்று, நடுவில் பன்றி இறைச்சி வைத்த ரொட்டி, ஃபிளாஸ்கில் தேநீர். உள்ளூர் வாரப் பத்திரிகைக்குச் செய்தி எழுதுவதற்காக நானும் அதில் போனேன். "சங்கத்தார் பண்டைய சின்னங்களைக் கண்டு மகிழ்ந்தனர்" என்று தொடங்கும் செய்தியைப் பாதி வழியிலேயே மனதில் எழுதி முடித்திருந்தேன்.

சங்கத்தின் செயலாளர் ஃபின்டன் ஹெஷன். நாற்பது வயதுக்கு மேல் ஆன பள்ளி ஆசிரியர், உயரமானவர். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிடுவார்கள். அவர் மனைவி ஆட்ராக்டா சங்கத்துக்காகப் படம் எடுப்பவள். கழுத்தில் கனமான கேமராவோடு, ஆண்கள் போடும் பூட்ஸோடு வந்திருந்தாள். பேருந்தின் ஓட்டுநர் பேட்ஸி ஃப்யூரிக்கு இடிபாடுகள் மேல் எந்த மரியாதையும் கிடையாது.

காலையில் கோட்டை வாசலில் ஃபின்டன் முக்கால் மணி நேரம் பேசினார். யார் கட்டினார்கள், யார் முற்றுகை போட்டார்கள், எந்தப் பக்கச் சுவர் எப்போது விழுந்தது. பேட்ஸி பேருந்தின் படியில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

"கூரை இல்லாத வீட்டப் பாக்க இவ்வளவு தூரம் வரணுமா மாஸ்டர்? எங்க தெருவுலயே ரெண்டு இருக்கு."

"உங்க தெருவுல இருக்கறது குடிச்சு அழிஞ்சது, பேட்ஸி," என்றாள் ஆட்ராக்டா. "இது சண்டை போட்டு அழிஞ்சது."

"அப்போ எங்க வீட்டையும் வந்து படம் எடுங்க. அங்க ரெண்டுமே நடந்திருக்கு."

கேனன் லாவெல் வாய்விட்டுச் சிரித்தார். கேனன் என்ற திருச்சபைப் பட்டம் பெற்ற, எழுபதைத் தாண்டிய பாதிரியார், சங்கத்தின் தலைவர். வெயிலில் நின்று களைத்துப் போயிருந்தவர், அந்தச் சாக்கில் பேருந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

இனிஷ்வாராவின் எதிர்க்கரைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரண்டேகால் மணி. கடல் ஏற்கெனவே வெகுதூரம் பின்வாங்கியிருந்தது. மணல் பழுப்பு நிறத்தில், அலைகள் விட்டுப்போன வரிகளோடு, தீவு வரைக்கும் விரிந்து கிடந்தது. நடுவில் இரண்டு ஓடைகள் மட்டும் மின்னின. ஆளில்லாத தீவு அது. ஆடுகள் மேயும். அதன் கடற்பக்கச் சரிவில் எண்ணூறு வருடத்துத் தேவாலயம் ஒன்று மணலில் பாதி புதைந்து நிற்கிறது.

கரையில் ஒருவர் நண்டுக் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஃபெஸ்டி மல்கெரின் என்று பெயர். மேட்டில் இருந்த ஒரே வீடு அவருடையது. வீட்டின் பக்கத்தில் தார் பூசிய துணிப் படகு ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ஃபின்டன் அவரிடம் போனார். நானும் கூடப் போனேன்.

"எந்த ஊரு?"

"லோக்ரே."

"அடேயப்பா. கோயிலப் பாக்கவா?"

"ஆமா. தண்ணி எப்போ முழுசா வத்தும்?"

ஃபெஸ்டி கடலைப் பார்க்கவில்லை. ஃபின்டன் போட்டிருந்த கோட்டையும் கழுத்தில் இருந்த டையையும் பார்த்தார். "மூணு மணிக்கு. அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம் தாராளமா இருக்கு. அதுக்கு மேல மணல்ல நிக்காதீங்க. இங்க தண்ணி நடந்து வராது, ஓடி வரும்."

"ரொம்ப நன்றிங்க."

"இருக்கட்டும். மழை வராது. இன்னைக்குச் சொல்றதுக்கு அது ஒண்ணுதான் நல்ல சேதி."

அவர் கூடைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் சட்டம். ஆனால் மேற்குக் கரைக் கிராமங்களில் பல வீடுகள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. பசு சட்டம் படிப்பதில்லை, அதற்குப் பால் கட்டும் நேரத்தில்தான் கட்டும். அதனால் கோடை முழுவதும் அந்த வீடுகளில் பழைய நேரம் ஓடும். கடையிலும் ரயிலிலும் பூசையிலும் புது நேரம். ஒருவர் மூன்று மணி என்றால் யாருடைய மூன்று மணி என்று கேட்பவர் தானாகப் புரிந்துகொள்ள வேண்டும். வாய்விட்டுக் கேட்பது மரியாதை இல்லை. 'பழைய நேரமா?' என்று கேட்டால், நீ இன்னும் பழைய காலத்து ஆளா என்று முகத்துக்கு நேரே கேட்டதுபோல ஆகிவிடும்.

ஃபின்டன் விவசாயி வீட்டில் பிறந்தவர். அவர் அப்பா சாகும்வரை அந்த வீட்டுக் கடிகாரம் பழைய நேரத்தில்தான் ஓடியது. எங்களிடம் திரும்பி வந்து சொன்னார்: "அவங்க மூணுன்னா நமக்கு நாலு. நாலு மணிக்கு அடி வத்தும். ஆறு வரைக்கும் பயம் இல்ல. இங்கயே சாப்பிட்டுட்டு, ஓடைகளும் வத்தினப்புறம் நிதானமாப் போகலாம்."

யாரும் மறுத்துப் பேசவில்லை. நாங்கள் எல்லோரும் உள்நாட்டுக்காரர்கள். கடலை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பார்ப்பவர்கள்.

மூன்றரை மணிக்கு மணலில் இறங்கினோம். முதல் ஓடை கணுக்கால் வரைக்கும் இருந்தது. பெண்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள். நடுவில் ஒரு மணல்மேடு, அதற்கு அப்பால் பாதம் மட்டும் நனையும் இரண்டாவது ஓடை, பிறகு தீவு. பேட்ஸியும் வந்தான். பேருந்தில் தனியாக இருந்தால் தூங்கிவிடுவேன், தூங்கினால் குறட்டை விட்டு ஊரைக் கூட்டிவிடுவேன் என்றான்.

தேவாலயத்தின் மேற்கு வாசலைச் சுற்றி வளைவாகப் பத்துப் பன்னிரண்டு மனிதத் தலைகள் செதுக்கப்பட்டிருந்தன. மூக்குகள் தேய்ந்துவிட்டன. கண்கள் மட்டும் இன்னும் ஆழமாக இருந்தன. ஃபின்டன் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பூசிய அளவுகோலை வாசலில் சாய்த்து வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"நீ பேசி முடிக்கறதுக்குள்ள இந்த மூஞ்சிங்க எல்லாம் இன்னும் கொஞ்சம் தேஞ்சிடும்," என்றாள் ஆட்ராக்டா. "வெளிச்சம் போறதுக்கு முன்னாடி எடுத்துக்கறேன். கொஞ்சம் தள்ளு."

வாசலின் பக்கத்தில் பெட்டி போலக் கட்டிய கல்லறை ஒன்று இருந்தது. தலைகளுக்கு நேராக நின்று படம் எடுக்க அவள் அதன் மேல் ஏறினாள். மூடியிருந்த பலகைக் கல்லில் விரிசல் இருந்ததை மேலே படர்ந்திருந்த பாசி மறைத்திருந்தது. இரண்டு படம் எடுத்தாள். மூன்றாவதற்கு ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். கல் இரண்டாகப் பிளந்து, அவள் இடுப்பு வரை உள்ளே இறங்கினாள். பிளந்த கல்லின் ஒரு பாதி சாய்ந்து அவள் தொடையின் மேல் விழுந்தது.

அவள் கத்தவில்லை. "கேமரா," என்றாள். அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள்.

கல்லைப் புரட்ட நான்கு பேர் தேவைப்பட்டார்கள். வெளியே தூக்கியபோது வலது தொடையின் எலும்பு உடைந்து துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே தெரிந்தது. ரத்தம் பூட்ஸுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எங்களோடு டெலியா கோர்ஹம் என்ற நர்ஸ் வந்திருந்தாள். ஊரில் பிரசவம் பார்ப்பவள், பெரிய குரல்காரி. யாரிடமும் கேட்காமல் பேட்ஸியின் இடுப்பு பெல்ட்டை உருவி, தொடையின் மேற்பகுதியில் சுற்றி இறுக்கினாள். அளவுகோலைக் காலோடு சேர்த்துக் கட்டினாள்.

"ஃபின்டன், இங்க வா." அவரைச் சுவர் ஓரமாகக் கூட்டிப்போனாள். நான் பக்கத்தில் இருந்தேன். "உள்ள ரத்தக்குழாய் ஒண்ணு கிழிஞ்சிருக்கு. பெல்ட்ட ரொம்ப நேரம் இறுக்கியே வச்சா கால் செத்துடும். தளர்த்தினா இவ போயிடுவா. இன்னைக்கு ராத்திரி தாங்க மாட்டா. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கு," என்றார் ஃபின்டன். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து ஆவதற்குச் சில நிமிடங்கள் இருந்தன. "ஆறு மணி வரைக்கும் மணல் இருக்கும். தாராளமா இருக்கு."

ஆட்டுப்பட்டியின் மரக் கதவைக் கழற்றி, கோட்டுகளைப் பரப்பி, அவளை அதில் படுக்க வைத்தோம். கேனன் லாவெல் முழங்காலிட்டு அவள் நெற்றியில் சிலுவை வரைந்தார்.

"சாகப்போறவங்களுக்குப் பூசற எண்ணெய எடுக்காதீங்க ஃபாதர்," என்றாள் அவள். உதடு வெளுத்திருந்தது. "நான் இன்னும் போகல."

"நான் எண்ணெயே கொண்டு வரல குழந்தை. சாயங்காலம் கோயில்ல குடுக்க வேண்டிய ஆசீர்வாதத்த இப்பவே குடுத்துட்டேன், அவ்வளவுதான்."

நால்வர் சுமந்தோம். முன்னால் ஃபின்டனும் பேட்ஸியும், பின்னால் நானும் டெலியாவும். டெலியா ஒரு கையால் கதவையும் மறு கையால் பெல்ட்டையும் பிடித்துக்கொண்டு வந்தாள். மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு கேனன் மெதுவாகப் பின்னால் வருவதாகச் சொன்னார்.

தீவின் கரையை அடைந்தபோது முதலில் நின்றவன் பேட்ஸி.

வரும்போது பாதம் நனைத்த ஓடை இப்போது அகலமாகியிருந்தது. நாங்கள் இறங்கினோம். முழங்கால் வரை வந்தது.

"மாஸ்டர்," என்றான் பேட்ஸி, "அந்தக் கல்லப் பாருங்க. தண்ணி ஓரத்துல இருக்கே, அது."

"என்ன அதுக்கு?"

"காஞ்சு கெடக்கு. தண்ணி வத்திக்கிட்டே போனா மேல இருக்கற கல்லு ஈரமால்ல இருக்கணும்? இது காஞ்ச கல்லு மேல தண்ணி ஏறுது."

ஃபின்டன் அந்தக் கல்லைப் பார்த்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பாதி மறைந்தது.

"அப்படி இருக்க முடியாது," என்றார். "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."

"யாரு சொன்னா?" ஆட்ராக்டா கண்ணை மூடியபடியே கேட்டாள்.

"அந்தாளு. ஃபெஸ்டி."

"அவரு என்ன சொன்னாரு? அவரு வாயால சொன்னது."

"மூணு மணிக்கு அடி வத்தும்னாரு. பழைய நேரம். அதனால நாலு."

"பழைய நேரம்னு அவரு சொன்னாரா?"

ஃபின்டன் எதிர்க்கரையில் இருந்த ஃபெஸ்டியின் வீட்டைப் பார்த்தார்.

"நீ கழுத்துல டை கட்டிட்டுப் போய் நின்னே," என்றாள். மூச்சு வாங்கி, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "டவுன்காரனுக்குப் பழைய நேரம் புரியாதுன்னு, உனக்காகப் புது நேரத்துல சொல்லியிருக்காரு. நீ அவருக்காக அதப் பழைய நேரமாக்கிட்டே. ரெண்டு பேரும் நல்ல மனுஷங்க."

தண்ணீர் எங்கள் முழங்காலைத் தாண்டியது.

"திரும்பிடலாம்," என்றேன் நான்.

"திரும்பினா அடுத்து தண்ணி வத்தறது விடிகாலைதான்," என்றாள் டெலியா. "அதுவரைக்கும் இவ இருக்க மாட்டா. தெளிவாச் சொல்றேன். யாரு என்ன முடிவு பண்றீங்களோ பண்ணுங்க. நின்னுக்கிட்டே மட்டும் இருக்காதீங்க."

ஃபின்டனின் முகத்தை நான் பக்கவாட்டில் பார்த்தேன். கணக்குப் பாடத்தில் விடை தப்பி, எங்கே தப்பியது என்று தெரிந்துவிட்ட பையனின் முகம்.

"ஃபின்டன்," என்றாள் ஆட்ராக்டா. "போலாம். எனக்குக் குளிருது."

போனோம்.

நடுவில் இருந்த மணல்மேடு இன்னும் தண்ணீருக்கு மேலே இருந்தது. அங்கே ஏறியபோது ஒரு நிமிடம் தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். தீவின் கரையில் கேனனும் மற்றவர்களும் வந்து நின்றிருந்தார்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் தண்ணீர் ஒரே பரப்பாக ஆகிவிட்டது. கேனன் இரண்டு கைகளையும் விரித்து, தன் பின்னால் இருந்தவர்கள் யாரும் இறங்காதபடி தடுத்துக்கொண்டிருந்தார்.

மேட்டின் மறுபக்கத்தில் கரைப்பக்க ஓடை. இரண்டில் இதுதான் ஆழமானது. கடல் இரண்டு பக்கத்திலிருந்தும் அதற்குள் புகுந்து நடுவில் மோதிச் சுழன்றது. பேட்ஸி கதவை என்னிடம் விட்டுவிட்டு ஆழம் பார்க்க இறங்கினான். சில அடிகளிலேயே மார்பு வரைக்கும் போய், தடுமாறி, கை கால் உதறிக்கொண்டு மேட்டுக்குத் திரும்பினான். அவனுக்கு நீச்சல் தெரியாது. எங்களில் யாருக்கும் தெரியாது.

"இதுல இறங்கவே முடியாது," என்றான். "அடி மணலே நகருது."

கரையில் எங்கள் பேருந்து நின்றது. கண்ணாடிகளில் மாலை வெயில் பட்டது. மேட்டு வீட்டின் புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. ஆள் யாரும் தென்படவில்லை.

கத்தினோம். முதலில் ஒவ்வொருவராக, பிறகு எல்லோரும் சேர்ந்து. காற்று கடலிலிருந்து அடித்தது. சத்தம் கரைக்குப் போயிருக்க வேண்டும். பின்னால் தீவில் இருந்தவர்களும் கத்த ஆரம்பித்தார்கள். கோட்டுகளைக் கழற்றி வீசினார்கள். வீட்டுக் கதவு மூடியே இருந்தது.

"பால் கறக்கற நேரம்," என்றார் ஃபின்டன். "தொழுவம் வீட்டுக்குப் பின்னால இருக்கும். கேக்காது."

மேடு சுருங்கிக்கொண்டே வந்தது. கதவைக் கீழே வைக்க முடியவில்லை. வைத்தால் தண்ணீர் மரச் சட்டங்களுக்கு நடுவில் ஏறியது. இடுப்பு உயரத்துக்குத் தூக்கினோம், பிறகு தோளுக்கு. டெலியா ஒருமுறை பெல்ட்டைத் தளர்த்தினாள். ரத்தம் கோட்டுகள் வழியாக என் கையில் சூடாக இறங்கியது. மறுபடி இறுக்கினாள். ஆட்ராக்டா அப்போதுதான் முதல் தடவையாக முனகினாள்.

"பேசிக்கிட்டே இரு அவகிட்ட," என்றாள் டெலியா ஃபின்டனிடம். "தூங்க விடாத."

"என்ன பேச?"

"காலையில கோட்டை வாசல்ல எங்களக் கொன்னியே, அதையே பேசு."

ஃபின்டன் பேசினார். கோட்டையைக் கட்டியவனின் பெயரைச் சொன்னார். அவன் மகன் பெயரைச் சொன்னார். அதற்கு மேல் நினைவுக்கு வரவில்லை. முதலிலிருந்து மறுபடி சொன்னார். "ஆட்ராக்டா, கேக்கறியா? ஆட்ராக்டா."

"தப்பு," என்றாள் அவள். குரல் வெகுதூரத்திலிருந்து வந்தது. "மகன் இல்ல, மருமகன்."

"ஆமா. மருமகன்தான். சொல்லு, அப்புறம் என்ன?"

அவள் சொல்லவில்லை. ஃபின்டன் அவள் பெயரை மட்டும் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். பேட்ஸி ஜெபமாலை சொல்ல ஆரம்பித்து, வார்த்தைகளைக் குழப்பி, நடுவில் கெட்ட வார்த்தை ஒன்று கலந்து, மன்னிப்புக் கேட்டு மறுபடி தொடங்கினான். தண்ணீர் என் இடுப்பைத் தொட்டது. ஆகஸ்டிலும் அந்தக் கடல் பனிபோலத்தான் இருக்கும். கால்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை.

ஃபெஸ்டியின் மனைவி சபினா கோழிகளை அடைக்க வெளியே வந்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். எங்கள் கத்தல் அவளுக்குக் கேட்கவில்லையாம், அவள் காது மந்தம். மணலை நீர் மூடிவிட்டது, பேருந்து மட்டும் காலியாக நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான் தொழுவத்துக்கு ஓடியிருக்கிறாள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: கரையில், வீடு இருந்த மேட்டில் ஒரு கறுப்பு வண்டு போல ஏதோ நகர்ந்தது. கவிழ்த்த படகைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இரண்டு ஜோடிக் கால்கள் ஓடி வந்தன. அதைத் தண்ணீரில் போட்டதும் ஒருவர் குதித்து ஏறித் துடுப்புப் போட்டார்.

நீரோட்டம் அவரைப் பக்கவாட்டில் இழுத்தது. நேராக வர முடியாமல் மேலே ஏறிச் சுற்றி வந்தார். கிட்டே வந்ததும் ஒரு நொடியில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்.

"கதவு ஏறாது. அந்தம்மாவ மட்டும் தூக்குங்க. கால நேராப் பிடிங்க. படகுக்கு அடியில வெறும் துணி, பூட்ஸால மிதிச்சா நாம எல்லாரும் போயிடுவோம்."

தூக்கினோம். அவள் அலறினாள். அலறியது நல்லது என்று டெலியா சொன்னாள்.

"இன்னும் ஒரு ஆள்தான் தாங்கும்," என்றார் ஃபெஸ்டி.

ஃபின்டன் படகின் விளிம்பைப் பிடித்திருந்தார். அவர் கை விடவில்லை. டெலியா அவர் விரல்களைத் தட்டினாள். "பெல்ட்ட உனக்குப் பிடிக்கத் தெரியுமா? தெரியாதுல்ல? விடு."

அவர் விட்டார். டெலியா ஏறினாள். படகு விளிம்பு வரை தண்ணீரில் அமிழ்ந்து, திரும்பியது.

அது பாதி தூரம் போன பிறகு பேட்ஸி தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான்.

"மாஸ்டர், பஸ் சாவி எங்கிட்ட இருக்கு."

அங்கே வேறு வண்டி இல்லை. பக்கத்துத் தபால் நிலையத்தில்தான் தொலைபேசி, அதுவும் ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும். சாவியைக் கரைக்குக் கொடுத்தனுப்பியிருந்தாலும் பேருந்தை ஓட்டத் தெரிந்தவன் பேட்ஸி ஒருவன்தான். அவனோ மார்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான்.

"நீ செத்தா அவளும் சாவா," என்றார் ஃபின்டன் மெதுவாக.

"ரொம்ப ஆறுதலாப் பேசறீங்க மாஸ்டர்."

ஆட்டுப்பட்டிக் கதவு மிதந்தது. நாங்கள் மூவரும் அதைக் கட்டிக்கொண்டோம். பேட்ஸியை அதன் மேல் ஏற்றிக் குப்புறப் படுக்கவைத்தார் ஃபின்டன். நீரோட்டம் மேட்டிலிருந்து எங்கள் கால்களைப் பிரித்தது. கரை விலகிப் போவது தெரிந்தது. ஃபின்டன் ஒரு கையால் கதவையும் மறு கையால் பேட்ஸியின் சட்டைக் காலரையும் பிடித்திருந்தார். அலை தலைக்கு மேல் போகும்போதெல்லாம் அவர் வாய் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. மூணு, என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஃபெஸ்டி திரும்ப வந்தபோது முதலில் பேட்ஸியை இழுத்துப் போட்டார். எங்கள் இரண்டு பேரையும் படகின் பின்புறக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அப்படியே இழுத்துக்கொண்டு போனார். முழங்கால் மணலில் பட்டபோது அது மணல் என்று எனக்குப் புரியவில்லை.

பேட்ஸி பெல்ட் இல்லாத கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பேருந்துக்கு ஓடினான். ஆட்ராக்டாவை நடுப்பாதையில் படுக்க வைத்தோம். சபினா வீட்டிலிருந்த எல்லாப் போர்வைகளையும் கொண்டு வந்து போட்டாள். வண்டி மூன்றாவது முயற்சியில் கிளம்பியது.

கதவருகே ஃபெஸ்டி நின்றார்.

"மூணுன்னுதானே சொன்னேன்," என்றார்.

"ஆமா. மூணுன்னுதான் சொன்னீங்க," என்றார் ஃபின்டன்.

"உங்க மூணுதான் அது. நீங்க குழம்பக் கூடாதுன்னு."

"தெரியும்."

"தீவுல இருக்கறவங்கள நான் பாத்துக்கறேன். சபினா அவங்களுக்குத் தீ மூட்டிக் காட்டுவா. நீங்க போங்க மாஸ்டர்."

ஆஸ்பத்திரி இருந்த கால்வே நகரம் வரைக்கும் வளைந்து வளைந்து போகும் பாதை அது. பேட்ஸி ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை. ஃபின்டன் தரையில் உட்கார்ந்து மனைவியின் தலையை மடியில் வைத்திருந்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் டெலியா பெல்ட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். பாதி வழியில் ஆட்ராக்டாவின் நாடி கிடைக்கவில்லை என்றாள். பிறகு கிடைத்தது என்றாள். பிறகு எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கேனன் லாவெலும் மற்றவர்களும் விடிவதற்கு முன் கடல் மறுபடி வற்றியதும் தீவிலிருந்து நடந்து கரை சேர்ந்தார்கள். ஃபெஸ்டி லாந்தரோடு முன்னால் நடந்தார். யாருக்கும் காயம் இல்லை. ஃபின்டன் ஹெஷன் செப்டம்பரில் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகினார். ஆட்ராக்டாவின் வலது காலை அந்த ஞாயிறு இரவே தொடையோடு எடுத்துவிட்டார்கள். அவள் பிழைத்தாள். அக்டோபர் கடைசியில் வீடு திரும்பினாள்.